எந்தக் காலில் நொண்டினார் இளவரசர்?

லண்டன் அரண்மனை,
அக்டோபர், 1671

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா டார்கஸுக்கு, தம்பி ஹம்ப்ரி பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அத்தானும் என்னைவிட நல்ல நிலையில் இருக்க ஆண்டவர் அருளட்டும். நின்றபடி எழுதுவதால் கையெழுத்து கோணல். மன்னித்துவிடு.

மான்கள் வளர்க்கும் நம் ஊர் மான்காட்டுக்கு என்னை அதிகாரியாக்குவதாகச் சொல்லித்தான் ரெட்மியர் டியூக் என்னைத் தன் கையுறைகளைச் சுமக்க வைத்திருக்கிறார். போன ஞாயிறு காலை இளவரசர் லயனல் ஜெபத்துக்கு வரும்போது லேசாக நொண்டினார். ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. ஆனால் பிரசங்கம் முடிந்து எழுந்தபோது எங்கள் டியூக்கும் நொண்டினார். "பிரபுவே, காலில் என்ன?" என்று பதறினேன். "வெக்கமா இல்லையாடா உனக்கு? இளவரசரே நொண்டுறார், நீ கன்னுக்குட்டி மாதிரி துள்ளிக்கிட்டு வர்ற!" என்று பல்லைக் கடித்தார். நானும் நொண்டினேன். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நேராக நடந்தவை நாய்கள் மட்டும்தான்.

அங்கே ஆஷ்வெல் டியூக் வந்து சேர்ந்தார். எந்த வாசலில் யார் முதலில் நுழைவது என்று இவருக்கும் அவருக்கும் பல வருடப் பகை. எங்களவர் இடது காலில் நொண்ட, அவர் வலது காலில் நொண்டிக்கொண்டு வந்து, "என்ன பிரபு, கால் மாறிப் போச்சா? இளவரசருக்கு வலது" என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? கோயில்ல குறட்டை விட்டதே நீங்கதானே!" என்றார் எங்களவர். கைகள் வாளுக்குப் போயின. கூட்டம் இடதுகால் கட்சி, வலதுகால் கட்சி என்று பிரிந்தது. யாரோ ஒரு பாவி, "இளவரசருக்குப் பின்னாடியே வந்தது ஹம்ப்ரி. அவரைக் கேளுங்க" என்று கொளுத்திப் போட்டான்.

அக்கா, நான் பார்த்தது வலது கால். அதைச் சொன்னால் மான்காடு போச்சு. இடது என்றால் ஆஷ்வெலின் வாள் என் வயிற்றில். "ரெண்டு காலும்தான் பிரபுக்களே, மாத்தி மாத்தி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் இரண்டு காலிலும் நொண்ட ஆரம்பித்தது. ஆஷ்வெல் தடுமாறி எங்களவரின் டோப்பாவைப் பிடிக்க, எங்களவர் என்னைப் பிடிக்க, நான் மேசை விரிப்பைப் பிடிக்க, சிப்பி வைத்த தட்டுகளோடு எல்லாரும் தரையில் கிடந்தோம்.

அந்த நேரம் பார்த்து இளவரசர் உள்ளே வந்தார். ஜம்மென்று நேராக நடந்து வந்தார்! "காலைல ஷூவுக்குள்ள ஒரு செர்ரிக் கொட்டை. எடுத்துப் போட்டாச்சு. உங்களுக்கெல்லாம் என்னய்யா ஆச்சு?" என்றார். எங்கள் டியூக் படுத்தபடியே என்னைக் காட்டி, "தொத்து வியாதி, இளவரசே. இவன்கிட்டருந்துதான் பரவுச்சு" என்றார். இளவரசர் இளகிய மனசுக்காரர். உடனே மருத்துவரை வரவழைத்து, நொண்டியவர்கள் எல்லாருக்கும் தொடையில் ரத்தம் உறிஞ்சும் அட்டையும் பின்புறத்தில் கொப்புளம் எழுப்பும் காரப் பற்றும் போடச் சொன்னார். வியாதி தொடங்கியதே என்னிடம் என்பதால் எனக்குத்தான் முதல் மரியாதை. நான் போட்ட சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். வாசலில் இரண்டு டியூக்குகளும், "நீங்க முதல்ல போங்க பிரபு," "ஐயோ, உங்களை முந்தி நானா?" என்று உபசரித்துக்கொண்டது எனக்கும் கேட்டது.

போதும் அக்கா. பதவியும் வேண்டாம், மான்காடும் வேண்டாம். வியாழக்கிழமை வண்டி அனுப்பு, கிடைக்கும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு உங்களோடு அமைதியாக இருந்துவிடுகிறேன். கர்த்தர் உன் குடும்பத்தைக் காப்பாராக. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி,
ஹம்ப்ரி டிரேகாட்

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். நோயாளிகளுக்கு நாட்டுப்புறக் காற்று அவசியம் என்று மருத்துவர் சொல்ல, நல்ல காற்று எங்கே கிடைக்கும் என்று இளவரசர் என்னைக் கேட்டார். வாய் தவறி உன் வீட்டைச் சொல்லிவிட்டேன். இரண்டு டியூக்குகளும், பரிவாரமும், மருத்துவரும், அட்டைகளும் நாளையே புறப்படுகிறோம். கிறிஸ்துமஸ் வரை தங்கல். டியூக்குகள் படுக்கையைப் பகிர்ந்துகொள்வதில்லை. உன் வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. பனிக்காலத்தில் தொழுவம்தான் கதகதப்பு என்று அத்தான் அடிக்கடி சொல்வாரே, உண்மைதானே?