கால் ஊன்றினால் ஒரு மார்க்

ஜெயித்தே தீருவேன் என்று சபதம் எடுத்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தோற்றே தீருவேன் என்று எடுத்தவர் நம் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் டிரையல்ஸ் போட்டியில் அவர் கடைசியாக வந்தாக வேண்டும். வராவிட்டால் அவருடைய வண்டிக்கு வீட்டில் இடமில்லை.

இது என்ன கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன், பொறுங்கள்.

டிரையல்ஸ் வண்டி என்பது ஒரு தினுசான மோட்டார் சைக்கிள். அதில் உட்கார முடியாது. சீட்டே கிடையாது. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். வேகமும் தேவையில்லை. பாறை, பள்ளம், சேறு, விழுந்து கிடக்கும் மரம் என்று மனிதன் நடக்கவே யோசிக்கிற இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் கொடி நட்டுத் தடம் போட்டு வைத்திருப்பார்கள். அதில் கால் தரையில் படாமல் ஏறி இறங்க வேண்டும். கால் ஒரு தடவை பட்டால் ஒரு மார்க். இரண்டு தடவைக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் மூன்று. விழுந்தாலோ, நடுவில் நின்றாலோ, கொடியைத் தாண்டி வெளியே போனாலோ ஐந்து. எல்லாம் அபராத மார்க். யாருக்குக் குறைவோ அவருக்குக் கோப்பை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவர் வீட்டில் சொல்லாமல் விட்டார். வேண்டுமென்றே அல்ல. போன வருஷம் அவருடைய முதல் போட்டி முடிந்து, உடம்பெல்லாம் சேறும் முட்டியெல்லாம் சிராய்ப்புமாக வந்து நின்றபோது மனைவி கேட்டாள்.

"எத்தனை மார்க்குங்க?"

"இருபத்திரண்டு."

"எத்தனைக்கு?"

"இருபத்தஞ்சுக்கு."

"அடேயப்பா! நம்ம மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தாரே, அவருக்கு?"

"நாலு."

"ஐயோ பாவம்! நல்ல மனுஷன். நாளைக்குப் பார்த்தா ஏதாவது ஆறுதல் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி சாப்பாடு விழுந்தது. திறந்த வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பார்த்து அடேயப்பா சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

மறுநாள் மருந்துக்கடைக்காரர் கையில் கோப்பையோடு தெருவில் போனார். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கோப்பை அவர்கிட்ட இருக்கு?"

"அதுவா... அது ஊக்கப்பரிசும்மா. மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு கடைசி ஆளுக்குக் கொடுக்கிறது."

"ஓ" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று இவர் நினைத்தார். துணி ஆலையில் தையல் பிழை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. அடுக்கி வைத்த சட்டைகளில் ஒரே ஒரு நூல் தப்பியிருந்தாலும் அவள் விரல் நேரே அங்கே போய் நிற்கும். அப்பேர்ப்பட்டவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினார், மனுஷன்!

வண்டி பின்னறையில் குடியேறியது. வண்டி மட்டுமா? பழைய டயர், வளைந்த கிளட்ச் பிடி, செயினுக்கு ஒரு தகர டப்பா எண்ணெய், துடைக்கத் துணி, துடைத்த துணியைத் துடைக்க இன்னொரு துணி. ஒருநாள் ஏர் ஃபில்டரைக் கழுவி, எண்ணெயில் முக்கிப் பிழிந்து, துணிக்கொடியில் காயப் போட்டார். அது சொட்டுச் சொட்டாக மனைவியின் வேலைக் கோட்டின் மேல் சொட்டியது. அங்கே பிடித்தது சனி.

"என்னங்க இது?"

"ஏர் ஃபில்டரும்மா. வண்டிக்கு மூச்சே அதுதான்."

"என் கோட்டு மூச்சை விட்டுடுச்சு. இங்க பாருங்க, எனக்கு அந்தப் பின்னறை வேணும். ரெண்டு தையல் மெஷின் போட்டுச் சொந்தமா தொழில் பண்ணப்போறேன்னு எத்தனை நாளா சொல்றேன்? அடுத்தவன் தச்ச சட்டையில தப்புக் கண்டுபிடிச்சே என் காலம் போகணுமா?"

"அப்ப வண்டி?"

"வெளியில நிக்கட்டும்."

"மழையிலயா? துரு ஏறிடும்மா!"

"அப்ப வித்துடுங்க."

பகலெல்லாம் பிறத்தியார் கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவருக்குச் சாயங்காலம் அந்த வண்டியைத் துடைத்தால்தான் உயிர் வரும். கோப்பை வராவிட்டால் போகிறது, வண்டி இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் கொஞ்சம் இறங்கினாள். "சரி, ஒரு பந்தயம். வர்ற ஞாயித்துக்கிழமை போட்டியில நீங்க ஜெயிச்சா அறை வண்டிக்கு. அப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். தோத்தா அறை எனக்கு. அன்னைக்கே வண்டி வெளியே. சம்மதமா?"

"சொன்ன சொல் மாறக் கூடாது!"

"நான் மாறமாட்டேன். நீங்க மாறாம இருங்க. எனக்குக் காலையில ஆலையில வேலை இருக்கு. அப்புறமா வந்து பார்க்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்று அவர் துள்ளினார். ஜெயிப்பதென்றால் அவள் கணக்கில் அதிக மார்க். அதிக மார்க் வாங்க அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஒரே பயம், பரிசு கொடுக்கும்போது அவள் அங்கே நிற்கக் கூடாது. மார்க்கைச் சொல்லி, அடேயப்பாவை வாங்கிக்கொண்டு, கையோடு வீட்டுக்கு இழுத்துவந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முந்தின நாள் பெய்த மழையில் பாறையெல்லாம் வழுக்கியது. மொத்தம் ஐந்து தடம். மற்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இவர் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு முதல் தடத்துக்குள் நுழைந்தார்.

அங்கேதான் விதி விளையாடியது. ஜெயிக்க வேண்டும் என்று வந்த நாளிலெல்லாம் இவருடைய கை விறைக்கும், முட்டி நடுங்கும். இன்றைக்குப் பயமே இல்லையே! உடம்பு தளர்ந்து, வண்டி சொன்னபடி கேட்டது. எங்கே காலை ஊன்றலாம் என்று யோசிப்பதற்குள் தடம் முடிந்துவிட்டது. நடுவர் மூடிய முஷ்டியை உயர்த்திக் காட்டினார். பூஜ்யம்! சரி, ஏதோ தவறு நடந்துவிட்டது, அடுத்ததில் சரி செய்துகொள்ளலாம் என்று இரண்டாவது தடத்துக்குப் போனார். அங்கே சேற்றிலிருந்து மரத்துண்டின் மேல் ஏற வேண்டும். முன்சக்கரம் எழும்பியது, பின்சக்கரம் பின்னாலேயே வந்தது. மறுபடியும் முஷ்டி.

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து முதுகில் தட்டினார். "என்ன சார் இது! ரெண்டும் சுத்தம்! நான் அதுக்குள்ள ரெண்டு வாங்கிட்டேன். இன்னைக்குக் கோப்பை உங்களுக்குத்தான்!"

கண்ணாடிக்கடைக்காரருக்கு எத்தனை நாள் கனவு! இன்றைக்கு வாசல்வரை வந்து நிற்கிறது. கோப்பையை எடுத்தால் வண்டி போகும். வண்டி வேண்டுமென்றால் கோப்பையைக் காலால் எட்டி உதைக்க வேண்டும். வண்டி இல்லாதவனுக்குக் கோப்பை எதற்கு, தண்ணீர் குடிக்கவா?

மூன்றாவது தடத்தில் பாதி ஏறியதும் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். நடுவர் ஐந்து விரலையும் விரித்தார். "நல்லாத்தானே வந்தீங்க, என்ன ஆச்சு?" என்று அந்த மனுஷன் வருத்தப்பட்டார். நான்காவதில் கண்ணை மூடிக்கொண்டு கொடியைத் தாண்டி வெளியே போனார். இன்னொரு ஐந்து. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேறு தெறித்தது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சேறு ஒன்றும் தெறிக்கவில்லை.

இனிக் கடைசித் தடம். இடுப்புயரப் பாறை, அதன் மேல் ஆறடி சமதரை, அந்த முனையில் முடிவுக் கொடி. கீழே வண்டியோடு நின்ற ஒருவருக்கு மஞ்சள் சட்டை மாட்டிய பெண் நடுவர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கால் பட்டா ஒண்ணு, நின்னா அஞ்சு. குறைச்ச மார்க்தான் ஜெயிக்கும். பதறாம ஏறுங்க."

குரல் கேட்ட குரலாக இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். மனைவி!

"நீ... நீ ஆலைக்குப் போகல?"

"நடுவருக்கு ஆள் பத்தலைன்னு உங்க கிளப் செயலாளர் கேட்டாரு. மூணு வாரமா இங்கதான் வந்து பழகுறேன்."

பக்கத்தில் நின்ற செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்க வீட்டம்மா கண்ணு கண்ணே இல்ல சார், பூதக்கண்ணாடி!"

"குறைச்ச மார்க்குன்னு... உனக்கு எப்போ..."

"ஊக்கப்பரிசுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குச் சாயங்காலமே மருந்துக்கடைக்காரர் வீட்டம்மாவைக் கேட்டேன். அவங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு."

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"என்னைக்காவது உதவும்னு வெச்சிருந்தேன்."

"அப்ப பந்தயம்?"

"பந்தயம் பந்தயம்தான். ஜெயிச்சா அறை வண்டிக்கு. ஜெயிக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. தானாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட இரண்டு ஐந்தும் கண் முன்னால் வந்து நின்றன. சொந்தக் காசில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறார், அனுபவித்தது இன்றைக்குத்தான்.

செயலாளர் மார்க் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல சார்" என்றார். "மத்தவங்க எல்லாம் இருபதுக்கு மேல. மருந்துக்கடைக்காரர் பன்னெண்டுல முடிச்சிட்டாரு. நீங்க பத்துல நிக்கிறீங்க. கால் ஒரு தடவை பட்டாக்கூட நீங்கதான்."

இப்போது நடுங்கியது பாருங்கள் முட்டி! ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததுமே பழைய வியாதி திரும்பிவிட்டது. டயர் காற்றை அமுக்கிப் பார்த்தார். கிளட்சைப் பிடித்து விட்டுப் பார்த்தார். மனைவி வாயில் விசிலை வைத்துக்கொண்டு அவருடைய பூட்ஸையே பார்த்தாள். தப்பின நூலைத் தேடுகிற அதே பார்வை.

விசில் அடித்தது. வண்டி உறுமியது. முன்சக்கரம் பாறையைத் தொட்டு எழும்பியது. பின்சக்கரம் ஈரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கால் தரையை நோக்கிப் போனது. போன காலைப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப இழுத்தார். சக்கரம் கவ்வியது. ஏறிவிட்டார்! பாறை மேலே நிற்கிறார்! கால் படவே இல்லை!

"பார்த்தியா!" என்று கத்தினார். "பார்த்தியா, படல! அறை எனக்குத்தான்!"

கீழே நின்ற மனைவி மெதுவாகக் கையை உயர்த்தினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"என்ன அநியாயம்! கால் எங்க பட்டுச்சு? செயலாளர், நீங்க சொல்லுங்க சார்!"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "கால் படல சார். ஆனா முடிவுக் கொடி இன்னும் முன்னால இருக்கே. அதைத் தாண்டாம, அம்மாவைத் திரும்பிப் பார்த்து வண்டியை நிறுத்திட்டீங்க. நின்னா அஞ்சு."

திரும்பிப் பார்த்தார். முன்சக்கரத்துக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. பதினைந்து. மருந்துக்கடைக்காரருக்குப் பன்னிரண்டு. வேண்டுமென்றே வாங்கிய அந்தப் பத்து மட்டும் இல்லையென்றால், இந்த ஐந்தோடு கோப்பையும் அறையும் இவருக்குத்தான். அதை நினைத்தபோது பாறை மேலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. வண்டியில்தான் சீட் இல்லையே.

மனைவி பாறையைச் சுற்றி மேலே வந்தாள். அவர் தோளில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். "நல்லாத்தாங்க ஓட்டுனீங்க. முதல் ரெண்டு தடமும் சுத்தம்னு சொன்னாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். பொய் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்பீங்க."

"அறை?" என்றார் அவர், கடைசி நம்பிக்கையாக.

"சாயங்காலம் தையல் மெஷின் வருது. அதுக்குள்ள வண்டியை வெளியே தள்ளிடுங்க. தள்ளும்போது ரெண்டு காலையும் தாராளமா ஊனிக்கலாம், நான் மார்க் போடமாட்டேன்."