முப்பது கொடுக்காத வண்டியும் உன் அக்காளும்

மரியே வாழ்க

திண்டுக்கல்,
செப்டம்பர் 3, புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பிராங்கிளினுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் ஞானராஜ் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் ஜெயமேரியும் ஆண்டவர் கிருபையால் சுகம். உன் வண்டியும் சுகம் என்று அதே மூச்சில் எழுதிவிட ஆசைதான். அந்த ஒரு வரியை எழுத முடியாததால்தான் நான்கு பக்கம் எழுதவேண்டி வந்துவிட்டது. புனேயில் சாப்பாடும் தண்ணீரும் உனக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். வண்டி விஷயத்தைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அக்காள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இது அவளை வைத்துக்கொண்டு பேசுகிற சமாச்சாரம் இல்லை.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இமயமலை வரை போகலாம் என்று வாங்கிய அம்மாம்பெரிய டூரிங் வண்டியை, "சும்மா நின்னா பேட்டரி செத்துரும் மச்சான், வாரம் ஒருக்கா நீங்க ஓட்டுங்க" என்று சொல்லி எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் மூட்டைக்கு எடை போட்டு ரிட்டயர் ஆனவனிடம் யானையைக் கட்டிவிட்டுப் போகிறானே என்று அன்றைக்கு நினைத்தது உண்மைதான். ஆனால் மகள் நான்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபிறகு எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசினோம் என்று உனக்குத் தெரியாது. "வெஞ்சனம் என்ன வைக்க?" "என்னத்தையாச்சும் வையி." அவ்வளவுதான். சண்டை கிடையாது, கோபம் கிடையாது, பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவள் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் வண்டியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள் பார், பேகம்பூர் தாண்டியதும் வாயைத் திறந்தவள் ஒட்டன்சத்திரம் போய்ச் சேருகிறவரை மூடவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பாதிதான் கேட்டது, மீதிக்கு "ஆமா, ஆமா" என்றேன். அங்கே அவளோடு படித்த சுந்தரம்மாள் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறாள். அன்றுமுதல் ஞாயிறுதோறும் அங்கே போய்வருகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை காலையிலேயே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறேன். இதற்கு உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போகிற அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "மைலேஜ் முப்பதுக்குக் கீழ போச்சுன்னா இன்ஜின் தளருதுன்னு அர்த்தம் மச்சான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்ததும் வித்துருவேன்" என்றாய். பாவி, அந்த வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. தொட்டி முட்ட பெட்ரோல் போட்டு, ஒட்டன்சத்திரம் போய்வந்து, மறுபடி முட்டப் போட்டுக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு இருபத்தாறு. நீ போனில் கேட்டபோது "ஓடுதுப்பா, சோக்கா ஓடுது" என்றேன். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

பேகம்பூரில் மெக்கானிக் இஷாக் இருக்கிறாரே, அவரிடம் போய் நின்றேன். டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், காத்தே இல்லாம ஓட்டுறீங்க? டயர் ரோட்டுல ஒட்டிக்கிட்டுப் போனா வண்டி இழுக்கத்தானே செய்யும்" என்றார். காற்றடித்தோம். செயின் காய்ந்து கிடந்தது, எண்ணெய் போட்டோம். ஏர் ஃபில்டரைத் தட்டினால் நம் ஊர்ச் செம்மண் கால்படி கொட்டியது, அதை மாற்றினோம். எண்பதில் போகாதீர்கள், அறுபதில் ஒரே சீராகப் போங்கள், ரயில்வே கேட்டில் நின்றால் இன்ஜினை அணையுங்கள் என்றார். கேட்டுக்கொண்டேன். எல்லாம் செய்து பார்த்தால் இருபத்தேழு. ஏறின ஒன்றுக்காக இஷாக்குக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் அவர் வண்டியில் மாட்டியிருந்த மூன்று பெட்டிகளையும் கைகாட்டினார். பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று, காற்றில் மல்லுக்கட்டுகிறதாம். எடை பார்க்காமல் எதையும் விட எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியும். கழற்றி எடை போட்டேன், இருபத்து நாலரை கிலோ! திறந்தால், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், வேளாங்கண்ணித் தீர்த்தம் இரண்டு பாட்டில், ஸ்டாண்டு மண்ணில் புதையாமல் அடியில் வைக்க ஒரு முழுச் செங்கல். "வழியில தேவைப்பட்டா?" என்கிறாள் உன் அக்காள். பெட்டிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். சுந்தரம்மாள் விடுவாளா? "ஏனுங்க, பெட்டி இல்லீனா மடியில வெச்சுட்டுப் போகட்டுங்க" என்று ஒரு கட்டு முருங்கைக்காயை உன் அக்காள் மடியில் குறுக்கே வைத்துவிட்டாள். இரண்டு பக்கமும் முழம் முழமாக நீட்டிக்கொண்டிருந்தது, எதிரே வந்த காய்கறி லாரிக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். போதாதற்கு வெயில் என்று அவள் குடையை வேறு விரித்தாள். ஆடி போயும் அடங்காத மேற்குக் காற்று குடையைப் பிடித்து இழுக்க, குடை அவளை இழுக்க, அவள் என்னை இழுக்க, வண்டி நகருவேனா என்றது. குடை ஒரு கிணற்றோடு போய்ச் சேர்ந்தது. ஆள் தப்பியதற்கு அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அதற்கு அடுத்த வாரம் குடையும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை. இருபத்தெட்டு.

போன சனிக்கிழமை இஷாக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், வண்டியில கழட்டறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. அம்மா வெயிட்டு மட்டுந்தான் பாக்கி" என்றார். நான் உன் அக்காளைப் பழைய பேப்பர்க் கடைப் பக்கம் கூட்டிப்போய், பேச்சுவாக்கில் தராசில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு காலைத் தூக்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னையப் பார்சல்ல போடப் போறீகளா?"

"இல்ல மேரி, சும்மா ஒரு கணக்குக்கு..."

"அம்புட்டுக் கனமா இருக்கேன்னா நான் பஸ்ஸுல வாரேன். நீங்க உங்க மைலேஜை ஏத்திக்கிட்டு வாங்க."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. அவள் தனியாக பஸ்ஸில் போய்ப் பல வருஷம். தூங்கிவிட்டால் பழனியில்தான் முழிப்பாள். அதனால் பஸ்ஸை விடாமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, வழக்கம்போல் தலையாட்டினேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யோவ் பெரியவரே, தள்ளி வாரும்யா! பஸ்ஸு என்ன உம்ம வீட்டு மாடா, பின்னாலயே பத்திக்கிட்டு வாரீரு?" என்று கத்தினான். திரும்பி வருகிறபோதும் அப்படியே. ஊர் வந்து முட்டப் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தேன். மாப்பிள்ளை, முப்பத்து மூன்று!

ஆகவே உன் இன்ஜின் இரும்பு மாதிரி இருக்கிறது. விற்கவேண்டிய அவசியமே இல்லை. இனி ஞாயிறுதோறும் உன் அக்காள் பஸ்ஸிலும் நான் வண்டியிலுமாகப் போய்வருவது என்று ஏற்பாடு. மைலேஜ் முப்பதுக்குக் கீழே வராது, இது என் உத்தரவாதம். இப்படி ஒரு வண்டியைக் கொடுத்து வைத்திருக்கிற உன்னை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. நேரத்துக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஸ்வெட்டர் வேண்டாம், இங்கே வேர்க்கும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத உன் மச்சான்,
சூ. ஞானராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ள நான்கு பக்கத்தையும் நம்பாதே. கவரை ஒட்டுவதற்கு முன் இஷாக்கிடம் முப்பத்து மூன்றைச் சொல்லிப் பெருமை அடிக்கப் போனேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சார், பஸ்ஸு முன்னால காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கு, நீங்க அது முதுகுல ஒளிஞ்சுக்கிட்டுப் போயிருக்கீங்க. அதான் முப்பத்து மூணு. இனிமே செய்யாதீங்க, பிரேக் அடிச்சான்னா பஸ்ஸுக்குள்ளதான் கிடப்பீங்க" என்றார். நம்பாமல் மறுநாளே பஸ் இல்லாமல் தனியாக ஒட்டன்சத்திரம் போய்வந்தேன். இருபத்தெட்டு. உன் அக்காளை ஏற்றினாலும் இருபத்தெட்டு, இறக்கினாலும் இருபத்தெட்டு. போகவர எழுபது கிலோமீட்டரும் என் காதுக்குள் ஒரு சத்தம் இல்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வந்து பசை தேடி உள்ளே போன நேரத்தில் உன் அக்காள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். தராசு, பஸ் எல்லாவற்றையும் படித்தாள். திங்கட்கிழமை காலை என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். "தம்பி விக்கிறதுன்னா வித்துக்கிடட்டும். பஸ்ஸுல ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே போவோம். பேச்சு என்ன பெட்ரோல்லயா ஓடுது?" என்றாள். மூன்று மாதமாக டயருக்குக் காற்று அளந்தவனுக்கு, அந்த பஸ்ஸில் இன்னொரு சீட்டு இருக்கிறது என்று தோன்றவே இல்லை மாப்பிள்ளை. வண்டியை விற்பதோ வைத்திருப்பதோ இனி உன் இஷ்டம். எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சேர்ந்தே போவோம்.