இல்ப்போவின் முதல் சூடு

"சிர்க்கா! இங்க வா! எவனோ நம்ம சவுனாவுல அடுப்பு மூட்டியிருக்கான்!"

இல்ப்போ மேசைக் கணினியின் திரையை விரலால் குத்தினான். ஏரிக்கரைக் கோடை வீட்டில் மாட்டிய கேமரா வாரம் முழுக்க அசையாத ஒரே படத்தைக் காட்டி அவன் உயிரை வாங்கியது. நேற்று கேமரா கம்பெனிக்குப் போன் செய்து தொண்டை கிழியக் கத்தியிருந்தான். என்னென்ன கத்தினான் என்பது அவனுக்கே நினைவில்லை. இன்று படம் அசைகிறது. அசைவது அவனுடைய புகைபோக்கியில் கிளம்பும் புகை!

பல கோடைகாலம் இடுப்பொடிய அவன் தன் கையாலேயே கட்டிய சவுனா, நீராவிக் குளியல் அறை, அது. நாளைதான் முதல் சூடு. ஆவி கிளம்ப அடுப்புக் கல்லில் முதல் கரண்டித் தண்ணீரை ஊற்றப்போவது தான்தான் என்று, தான் குடியிருக்கும் தம்பரே நகரம் பூராவும் சொல்லி வைத்திருந்தான்.

"சாவி வாசல் கல்லுக்கடியில இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த நாட்டுல எல்லாச் சாவியும் அங்கதான் இருக்கும். கத்தாம ரெய்யோவுக்குப் போன் பண்ணு," என்றாள் மனைவி சிர்க்கா.

ரெய்யோ அங்கே பக்கத்து வீட்டுக்காரர். "கழுத்தைப் பிடிச்சு ஏரியில தள்ளிட்டு வரேன்," என்று கிளம்பினார். சற்று நேரத்தில் திரையில் தோன்றினார். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். அப்புறம் நிதானமாகச் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"துரோகி!" இல்ப்போ மறுபடி போன் செய்தான். அது ஆணியில் தொங்கிய கால்சட்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

"உன் தம்பியை அனுப்பு. அவனாவது ரோஷக்காரன்."

மைத்துனன் தபானி போனிலேயே பல்லைக் கடித்தான். "கவலைப்படாதீங்க மாமா. ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

திரையில் வந்தவன் கதவைத் திறந்தான், உள்ளே ஏதோ கேட்டான், விறுவிறுவென்று காருக்குத் திரும்பினான்.

"கோடாலி எடுக்கப் போறான் பாரு!"

தபானி எடுத்தது ஒரு பொட்டலம் சாசேஜ் இறைச்சி. அதோடு உள்ளே போனவன் வரவே இல்லை.

"சாப்பாட்டு விஷயத்துல என் தம்பி கரெக்டா இருப்பான்," என்றாள் சிர்க்கா.

இல்ப்போவுக்கு ரத்தம் தலைக்கேறியது. தீயணைப்புப் படையை அழைத்தான். "என் சவுனா பத்தி எரியுது! ஓடுங்க!"

"எதுக்குப் பொய் சொல்ற?"

"என் வயிறு எரியுதே, அது பொய்யா?"

சிவப்பு வண்டி வந்தது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தலைவர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார், கதவைத் திறந்தார், மோந்து பார்த்தார். பிறகு வாசல் படியில், கழற்றி வைத்த தலைக்கவசங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் உட்கார்ந்தன.

அதற்குமேல் இல்ப்போவால் தாங்க முடியவில்லை. கார் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினான். வழி நெடுக எல்லாரையும் வைதுகொண்டே ஓட்டினான்.

கதவை உதைத்துத் திறந்தான். ஒரே ஆவி. பலகைகள் முழுக்க வெற்றுடம்புகள். கட்டியவன் உட்கார ஒரு சாண் இடமில்லை. அடுப்போரம் கரண்டியும் கையுமாக முன்பின் தெரியாத ஒருவன் நின்றான்.

"மாமா, அவர் மேல தப்பில்ல," என்றான் தபானி மென்றுகொண்டே.

"நீ பேசாத! டேய், யாருடா நீ? என் முதல் சூட்டைத் திருட உனக்கு யாருடா உரிமை குடுத்தது?"

"ஸ்ஸ்ஸ்!" என்று பலகை முழுக்க அதட்டியது. சவுனாவில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

அந்த ஆள் வேர்வையை வழித்துவிட்டு, பயபக்தியோடு சொன்னான்:

"கேமரா கம்பெனிங்க. 'எதையாவது அசைய வை, என் புகைபோக்கியில புகை வந்தாத்தான் நம்புவேன், அதைப் பாத்து நான் போன் பண்ற வரைக்கும் உங்க ஆள் அங்கேருந்து நகரக் கூடாது'ன்னு நேத்து நீங்கதான கத்துனீங்க? விறகே தீரப்போகுது சார்... புகை தெரிஞ்சுதா?"