சாவி கிளம்பியாச்சு

திருவனந்தபுரத்தில் காருக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்ற மனிதர் ஒருவர்தான் உண்டு. இனி ஒருவர் பிறக்கப்போவதும் இல்லை. ஸ்ரீவராகத்தில் எங்களுக்கு எதிர்வீடு. சொந்தப் பேர் என்னவோ இருக்கிறது, தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘தொடாதே மாமா’ என்றால் தபால்காரர்கூட நேராக அவர் வாசலில் போய் நிற்பார்.

கார் கறுப்பு. சீமையில் செய்தது. முன்னால் இருந்த பேர்த்தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டதால், என்ன கார் என்று கேட்டால் “நல்ல கார்” என்பார். கன்றுக்குட்டி உரசினால் “தொடாதே.” காக்கை உட்கார்ந்தால் “தொடாதே.” பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் பூஜை போடக் கொண்டுபோனபோது, சந்தனத்தோடு வந்தவரிடம் தன் நெற்றியைக் காட்டினாராம். “எனக்கு இட்டாப் போதும். வண்டிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

அதில் ஏறுகிறவர்கள் கதவில் கை வைக்கக்கூடாது. மாமாவே இறங்கிச் சுற்றி வந்து, எல்லாக் கதவையும் திறந்து, நாம் உட்கார்ந்தபின் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சாத்துவார். அதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதை யார் அவரிடம் சொல்வது?

அப்பேர்ப்பட்ட காரை என் மகள் கல்யாணத்துக்குத் தானாக வந்து தருகிறேன் என்றார். கிழக்கேகோட்டைப் பக்கம் மண்டபம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். சங்கடம் என்னவென்றால் ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம், அதற்கு நடுவில்தான் வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்போம். கூட எடுத்துப்போகிற சாமான் எதையாவது நல்ல நேரத்திலேயே வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டால், நாமும் அப்போதே புறப்பட்டுவிட்டதாக அர்த்தம்.

ஆகவே ஏழு மணிக்கே திருமாங்கல்யத்தையும் கூறைப்புடவையையும் தட்டில் வைத்து மாமாவிடம் கொடுத்தேன். பயபக்தியாக வாங்கிக் காரின் முன்சீட்டில் வைத்தார்.

எட்டு மணி தாண்டி, அலங்காரம் செய்த பெண்ணை அழைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மாமா சட்டைப்பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். பிறகு கண்ணாடி வழியாகக் காருக்குள் எட்டிப்பார்த்தார்.

“சாவி எங்கே மாமா?” என்றாள் என் பெண்.

“சாவி கிளம்பியாச்சு.”

“என்னது?”

“நீங்கள்ளாம் நல்ல நேரத்துல புறப்பட்டாச்சு. வண்டி மட்டும் ராகுகாலத்துல புறப்படலாமோ? அதான் சாவியையும் தட்டுல வெச்சேன்.”

வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் காரில் ஜன்னல் ஓரமாகக் காளான் மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். தாலி இருக்கிறதே என்று நாலு குமிழையும் அழுத்திச் சாத்தியிருந்தார்.

“இன்னொரு சாவி உண்டோல்லியோ?” என்றேன் மெதுவாக.

“உண்டே. டிக்கிக்குள்ள பத்திரமா இருக்கு.”

பெண்ணை ஆட்டோவில் மண்டபத்துக்கு அனுப்பினோம். தாலி இல்லாமல் பெண் மட்டும் போய் என்ன செய்ய? விஷயம் தெரிந்து மாப்பிள்ளையின் சித்தப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மெட்ராஸ்காரர்.

“இதுக்கா இத்தனை பேர் நிக்கறேள்? கண்ணாடியை ஒரு தட்டு தட்டினா ஆச்சு,” என்று கிட்டே போனார்.

“தொடாதே,” என்றார் மாமா.

சம்பந்தி வீட்டாரை வாசலில் வைத்து அப்படிச் சொன்ன கல்யாணம் எங்களுடையதுதான்.

“ருக்கு, பூக்கட்டற நூல் கொறச்சு கொண்டா, ரெண்டு முழம் போதும்,” என்றார் மாமா என்னிடம். நூலின் நடுவில் ஒரு சுருக்குப் போட்டு, கதவின் மேல்மூலை இடுக்கில் நுழைத்தார். ஒரு முனை கதவுக்கு மேல்புறம், மற்ற முனை பக்கவாட்டில். இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்தால் சுருக்கு கீழே இறங்கிக் குமிழில் விழவேண்டும். இவரோ ஒரு முனையை இழுத்துவிட்டு மற்றதற்கு ஓடினார். சுருக்கு சீட்டில் விழுந்தது, ஸ்டியரிங்கில் விழுந்தது, குமிழில் மட்டும் விழவில்லை.

“ரெண்டு பேர் பிடிக்கணும், சார்,” என்றார் சித்தப்பா.

“தெரியும். இன்னொருத்தர் வண்டியைத் தொடணுமே.”

மணி எட்டே முக்கால். மாமா நூலை விட்டார். எங்கள் வீட்டுக்குள் விறுவிறுவென்று போனவர் அம்மிக்குழவியோடு திரும்பி வந்தார்.

“குழந்தை கழுத்துல ஏற வேண்டியது உள்ளே கிடக்கு. வண்டி என்ன பெரிய வண்டி.”

குழவியை ஓங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை இறங்கவில்லை.

வெளி ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குக் குரல் தானாக வந்தது.

“மாமா, அதைக் கீழே வையுங்கோ. ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கை நிறைய வளையல். பெயின்டில் உரசும் என்று எனக்கே புரிந்து கழற்றப் போனேன்.

“ஏய், கழட்டாதே. நல்ல நாளாக்கும். கோடு விழுந்தா விழட்டும்.”

எனக்குக் கண் மறைத்தது. எப்படியோ நூலைப் பிடித்தேன்.

“கொறச்சு விடு... இன்னும்... மதி, மதி, போதும். இப்போ இழு.”

சுருக்கு குமிழின் கழுத்தில் விழுந்து இறுகியது. இரண்டு பேரும் மேலே தூக்கினோம். டக் என்றது.

அன்றைக்கு அந்தக் கார் போன வேகத்தை ஸ்ரீவராகம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மண்டப வாசலில் மாமா இறங்கி வரவில்லை. “நீயே திறந்துண்டு ஓடு,” என்றார். தாலி நல்ல நேரத்திலேயே ஏறியது.

சாயங்காலம் பார்த்தால், கதவில் தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. என் வளையல்தான். நான் தவித்துப்போய்ச் சொன்னதற்கு, “எங்கே? எனக்கொண்ணும் தெரியலையே,” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

இப்போதும் ஓணத்துக்கு முன்னால் காருக்குப் பாலிஷ் போட ஆள் வரும். மாமா கூடவே நடப்பார். அந்தக் கதவு வந்ததும் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு சொல்வார்:

“இங்கே மட்டும் தொடாதே.”