கெட்டிமேளம், எழுபத்தொரு சதவீதம்

பாட்டுக் கட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பாடுகிறவர்களையும் தெரியும். பாட வராமலே பாடுகிறவர் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார், அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இந்த மூன்று வகையிலும் சேராமல், கட்டாமல், பாடாமல், ஆனால் இவர்கள் எல்லாரையும்விடக் களைத்துப்போன முகத்துடன் நம்மிடையே நடமாடும் நான்காவது வகை ஒன்று உண்டு. அவர்தான் தேர்வாளர்.

தேர்வாளர் வீட்டிலேயே இசையமைப்பவர். அதாவது அமைக்கப் போகிறவர். அதற்கு வேண்டிய லேப்டாப், கீபோர்டு, காதை முழுசாக மூடும் ஹெட்போன் எல்லாம் அவரிடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக சாம்பிள் லைப்ரரிகள் உண்டு. இதைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு புண்ணியவான் ஒரு மேளத்தை முன்னால் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு, விரலால், குச்சியால், ஓரத்தில், நடுவில் என்று நூறு விதமாகத் தட்டி, ஒவ்வொன்றையும் பதிவு செய்து விற்கிறான். வாங்கியவர் கீபோர்டில் கட்டையைத் தொட்டால் அந்த மேளம் கேட்கும். மேளம் வேண்டாம், கட்டை போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு புண்ணியவான் இல்லை, ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது வினை.

முன்பெல்லாம் இந்த இனம் தலையெடுக்க வழியில்லை. தெருவுக்கு ஓர் ஆர்மோனியம் இருந்த காலத்தில் அதை வாசிப்பதைத் தவிர மனிதனுக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? தாராளமயம் வந்தது. ஒரு சோப்பு இருந்த இடத்தில் நாற்பது சோப்பு வந்தது. பையன்கள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போனார்கள், வரும்போது ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார்கள். அப்புறம் இன்டர்நெட் வந்தது. குளிக்கிறவர்கள் குறைந்து சோப்புப் பார்க்கிறவர்கள் பெருகினார்கள்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தேர்வாளர் கிரண்குமார். பிச்சாட்டூர்ப் பையன். சித்தூரில் நாங்கள் இருவரும் ஒரே மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. அவனுக்குக் கம்ப்யூட்டர், எனக்குக் கூழின் இனிப்பைச் சோதிப்பது. என் வேலையில் ஒரு கரண்டி வாயில் போட்டால் தீர்ந்தது. இனிக்கிறது, இல்லாவிட்டால் இனிக்கவில்லை. அதனாலேயே அவன் என்னை நடுவராக்கினான் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு வேளையில் கேட்காமலே என் தலையில் ஹெட்போனைக் கவிழ்ப்பான்.

"அண்ணா, இத்த கேளு."

டும்.

"இப்ப இத்த கேளு."

டும்.

"எது நல்லாகீது?"

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். "உனக்கு ரூமு கேக்கலையாண்ணா?"

"எந்த ரூமு?"

"மேளத்த அடிச்ச ரூமு."

எனக்குக் கேட்டதெல்லாம் எங்கள் ஆலையின் பாய்லர் மட்டும்தான். ஆனாலும் இரண்டாவதுதான் தேவலை என்றேன். "அப்பிடியா சொல்ற?" என்று மூன்றாவதை எடுத்தான். தேர்வாளர் உங்களிடம் அபிப்பிராயம் கேட்பது அதை ஏற்றுக்கொள்வதற்கு என்றா நினைத்தீர்கள்?

ஞாயிறுதோறும் அவன் திருப்பதிக்கு பஸ் ஏறுவான். அங்கே முனிகிருஷ்ணன் என்று இன்னொரு தேர்வாளன். இவனிடம் மேளம் அதிகம், அவனிடம் வயலின் அதிகம். இருவரும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு, எந்த வயலினில் வில் உரசும் சத்தம் இயற்கையாக இருக்கிறது என்று மாலை வரை சண்டை போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துப் பிரிவார்கள். உலகமே வந்து வரிசையில் நிற்கும் ஊருக்கு வாராவாரம் போய்வந்தவன் ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. பாட்டு ஏதாவது முடிந்ததா என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான்.

"சவுண்டு மட்டும் அமைஞ்சிட்டா போதும். பாட்டு அரை மணி நேரம்."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிரண்குமாரின் தங்கை யமுனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிரஞ்சீவி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன். லீவு இருபது நாள். அந்த இருபது நாளில் ஒரே ஒரு முகூர்த்தம், காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது நாற்பது வரை, காணிப்பாக்கத்தில். அதைத் தவறவிட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. பெண்ணின் அப்பா கங்கையா வழக்கம்போல மேளக்காரர் ரங்கையாவுக்குத் தாம்பூலம் கொடுக்கத் தட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தில் ரங்கையா தவிலில் கை வைக்காமல் தாலி ஏறிய கழுத்து குறைவு.

"நைனா, தட்ட உள்ள வையி. யமுனா கல்யாணத்துக்கு நான்தான் மேளம்" என்றான் கிரண்குமார்.

"நீ எப்பட்றா மேளம் அடிப்ப?"

"அடிக்கவே தேவையில்ல நைனா. தொட்டா போதும்."

கங்கையா மகிழ்ந்துபோனார். படித்த பிள்ளை சொன்னால் மகிழ்ந்துபோகிற அப்பா அவர். யமுனா மட்டும் கேட்டாள். "அண்ணா, இதுவரைக்கும் ஒரு பாட்டாவது முடிச்சிகீறியா?"

"சவுண்டு மட்டும் அமையட்டும்மா. கெட்டிமேளம் அரை நிமிஷம்."

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே நான்கு மாசம். கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தாலி கட்டும் நொடியில் தும்மலோ, அழுகையோ, ஆகாத பேச்சோ யார் காதிலும் விழாமல் மேளம் எல்லாவற்றையும் அமுக்கிவிட வேண்டும். அதாவது சத்தமாக இருந்தால் போதும். அது ஒன்றுதான் தகுதி. இந்த ஒரு தகுதிக்காகக் கிரண்குமார் இருநூற்றுப் பதினோரு மேளங்களைச் சேர்த்தான். ஒன்று ரொம்ப வேலூர்ப் பக்கமாக இருக்கிறது என்று தள்ளினான். இன்னொன்று ரொம்ப நெல்லூர்ப் பக்கமாக இருக்கிறதாம். சரியாகப் பிச்சாட்டூரில் நிற்கும் மேளம் வேண்டும் என்றான். இத்தனையும் ஜெர்மனியில் பதிவானவை!

கல்யாணத்தன்று காலையில் மிஞ்சியவை இரண்டு. பதினேழாம் நம்பர், முப்பத்தொன்றாம் நம்பர். நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை அவன். "அண்ணா, பதினேழா, முப்பத்தொண்ணா?" என்றான்.

மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் லேப்டாப். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அவன் அம்மா சுந்தரம்மா ஒரு முழம் சாமந்தியும் சுற்றியிருந்தாள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். சடங்குகளுக்கு யாரோ வாசித்த நாயனம் பென்டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில், கைகட்டி உட்கார்ந்திருந்தார் ரங்கையா. இந்த நாளை இந்த வீட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தவர். வேண்டாம் என்றதும் வேறு கல்யாணத்துக்கும் போகாமல், என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று வந்துவிட்டார்.

"மேளம் எடுத்தாரலியா?" என்று கேட்டேன்.

"துன்றதுக்குத்தான் கூப்ட்டாங்க. அதுக்கு மேளம் எதுக்கு?" என்றார்.

ஒன்பது முப்பத்தொன்று. தாலி வைத்த தட்டு மண்டபம் முழுக்கச் சுற்றி ஆசி வாங்கி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். யமுனா தலை குனிந்தாள். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

கிரண்குமார் கட்டையைத் தொட்டான். பதினேழாம் நம்பர்.

டும்.

அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டான். ஒரு நொடி கண்ணை மூடிக் கேட்டான். மண்டபத்தின் எதிரொலியும் ஜெர்மனிக் கூடத்தின் எதிரொலியும் ஒன்றோடொன்று மோதுவதாக அவனுக்குப் பட்டது. "இது சரிப்படாது, கொஞ்சம் குளிரா கீது" என்று சொல்லிக்கொண்டே பதினேழை இறக்கிவிட்டு முப்பத்தொன்றை ஏற்றினான். லேப்டாப்பில் இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை. திரையில் ஒரு நீலக்கோடு தோன்றியது. நான்கு சதவீதம்.

"இன்னாடா?" என்றார் கங்கையா.

"ஏறிக்கினு கீது நைனா."

"அந்த பென்டிரைவுலயே ஒண்ணு இருக்குமே, அத்த போடுடா!"

"அதுல இருந்த கெட்டிமேளத்த நான் வெட்டிட்டேன் நைனா. நம்மளுது வரப்போவுதேன்னு."

ஒன்பது முப்பத்திநாலு. இருபத்திரண்டு சதவீதம். மேளம் இல்லாமலே கட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர் தும்மினார். தனியாக, தெளிவாக, மண்டபமே கேட்கும்படி. சுந்தரம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "மேளம் இல்லாம என் பொண்ணு கழுத்துல தாலி ஏறக்கூடாது!"

"பாபு, தொந்தரகா கானீ! சீக்கிரம் ஆகட்டும், முகூர்த்தம் போயிடும்!" என்று ஐயர் தெலுங்கிலும் தமிழிலும் கெஞ்சினார்.

இந்த நோயின் விசேஷம் என்ன தெரியுமா? பக்கத்தில் இருப்பவர்களையும் பிடிக்கும். மணமேடையைப் பார்க்க வேண்டிய முந்நூறு பேர் நீலக்கோட்டைப் பார்த்தார்கள். "நாப்பது ஆயிட்சி" என்றார் ஒருவர். "பதினேழே நல்லாத்தான இருந்தது" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. "இல்லம்மா, அதுல கனம் பத்தல" என்றார் சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர். நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எட்டிப் பார்த்து, "அறுபது தாண்டிருச்சு, வந்துரும்" என்றேன். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே நின்றான். கிரேனில் பாரத்தைத் தொங்கவிட்டுப் பழகிய கை என்பதால் அவனுக்கு நடுங்கவில்லை. ரங்கையா கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

ஒன்பது முப்பத்தெட்டு. எழுபத்தொரு சதவீதம். நீலக்கோடு அதற்கு மேல் நகரவில்லை.

குனிந்திருந்த யமுனா அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டே நிமிஷம், தவறினால் இரண்டு வருஷம்! அந்தப் பெண் மறுபடி குனிந்தாள். தாலி வந்த தட்டு அவள் முன்னாலேயே இருந்தது, அதில் அரிசி, அரிசிமேல் தேங்காய். அரிசியைச் சரித்துக் கொட்டினாள். தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். தேங்காயால் ஓங்கி அடித்தாள்.

டங்! டங்! டங்! டங்!

தலை குனிந்தபடி, கண்ணில் நீரோடு, தன் கெட்டிமேளத்தைத் தானே அடித்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "கட்டுய்யா!" என்றாள் மாப்பிள்ளையிடம். சமையல்காரர் வாளியில் கரண்டியால் தட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். டம்ளர்கள் தட்டப்பட்டன, நாற்காலிகள் தட்டப்பட்டன. ரங்கையா எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கையாலும் இறங்கினார் பாருங்கள், அதற்கப்புறம் பின்வரிசைக்காரர் எத்தனை தும்மினாரோ, யாருக்குத் தெரியும்? ஒன்பது முப்பத்தொன்பதுக்கு மூன்று முடிச்சும் விழுந்தது.

எல்லாரும் ஓய்ந்து, மூச்சு வாங்கி, கண் துடைத்துக்கொண்ட அந்த அமைதியில் நூறு சதவீதம் ஆனது. கிரண்குமாரின் விரல் தானாகவே கட்டையில் விழுந்தது. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் முப்பத்தொன்றாம் நம்பர் எழுந்து மண்டபத்தை நிறைத்தது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதம். கனம் இருந்தது, குளிர் இல்லை. எனக்கேகூட ரூம் கேட்டது.

"நல்லாத்தான் கீது" என்றார் ரங்கையா. "இப்ப யாருக்குக் கல்யாணம்?"

பந்தியில் கிரண்குமார் சாப்பிடவில்லை. இலை முன்னால் முகம் தொங்க உட்கார்ந்திருந்தான். யமுனா வந்து, அவனே எடுத்துக்கொள்ளாத லட்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். "நான் கல்யாணம் பண்ணிக்கினு போறேண்ணா. நீ செலக்ட் பண்ணிக்கினு இரு" என்றாள். திட்டாகச் சொன்னாளா, விடைபெறுவதற்காகச் சொன்னாளா தெரியவில்லை. அவன் அழுதுவிட்டான். சரி, இவன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் என் தலையில் ஹெட்போன் கவிழ்ந்தது.

"அண்ணா, யமுனா அடிச்சா பாரு, அந்தத் தட்டு. இன்னா சவுண்டு! வளைகாப்புக்கு அத்த வெச்சே ஒரு பாட்டு பண்ணித் தரேன்னு சொல்லிகீறேன். அறுபத்திமூணு தட்டு ரெக்கார்டு பண்ணிட்டேன். இத்த கேளு, வெண்கலம். இத்த கேளு, எவர்சில்வர். தேங்கா மட்டும் அமைஞ்சிட்டா போதும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கீபோர்டு இல்லை, ஹெட்போன் இல்லை, ஆகவே இது உங்களைப் பற்றியதல்ல. நடைப்பயிற்சிக்கு எந்த ஷூ என்று ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது வேறு. வீட்டு வரைபடம் எட்டாவது தடவையாக மாறுகிறதே, அதுவும் வேறு. அண்ணனுக்கு ஒரு சமாதானக் கடிதம் எழுத நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறீர்களே, அது வேறே வேறு. அது மட்டும் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அரை மணி நேரம்தான், எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்காகவும் எங்கோ ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நீலக்கோடு இப்போது எத்தனை சதவீதம்? சீக்கிரம் சொல்லுங்கள். இரண்டாவது வரிசையில் ரங்கையா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.