மலை ஆடிய வெள்ளிக்கிழமை

மலைக்குக் கழுத்துச் சுளுக்கு என்று கேள்விப்பட்டதும் தேர் ரூஜிலிருந்து தனி பஸ்ஸே விட்டார்கள். பாம்பூவிலிருந்து கரும்பு லாரியில் ஜனம் வந்தது. மோகாவிலிருந்து உத்தியோகஸ்தர்கள்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்கள் கிரேவ் கேர் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். 1967ஆம் வருஷக் கடைசி அது. வெள்ளைக்காரன் எங்கள் தீவிலிருந்து கொடியை இறக்கிக்கொண்டு கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளத்தாக்குக்கு மேலே நிற்பது பீட்டர் போத் மலை. அதன் உச்சியில் ஒரு பெரிய பாறை, உடம்பின் மேல் தலையை வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் போகிற அன்று அந்தத் தலை உருண்டு விழும் என்று ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு. சும்மா கிடந்த பேச்சைத் தொழிலாக்கியவர் தலைகாத்த சாமி. முன்பு அவர் வெறும் சின்னன். பஸ்களில் சீப்பு விற்றவர். சீப்பு போணியாகவில்லை. ஆனாலும் மனிதர் தலையை விடவில்லை.

கோயிலுக்குப் பக்கத்து மேட்டில் சாமி ஒரு மூங்கில் கம்பம் நட்டார். அதில் கண் மட்டத்துக்கு ஓர் இரும்பு வளையம். அதற்கு நேரே, சில எட்டு தள்ளி, ஒரு வேல். வளையத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் முதல் வெள்ளிக்கிழமை வேலின் நுனி மலைத் தலையின் நட்டநடுவில் நின்றது. அடுத்த வெள்ளி பார்த்தால் தலை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதற்கடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம். பார்த்தவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள்.

பார்ப்பதற்கு முன்னால் பூஜை நடக்கும். சாமி வேலைப் பிடுங்கி, பாலில் குளிப்பாட்டி, திரும்ப நடுவார். அதுவரை எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்தவன் வீட்டின் மேல்தான் முதல் கல் விழுமாம்! மந்திரமும் உண்டு, தமிழில். நாங்கள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் கோயிலுக்கு மட்டும். ஆகையால் அர்த்தம் கேட்கிற வழக்கமே எங்களுக்கு இல்லை. "அணில், ஆடு, இலை, ஈ" என்று பள்ளிக்கூடப் பாடத்தைச் சாமி ராகம் போட்டு இழுத்தார். 'ஈ' வந்ததும் உத்தியோகஸ்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"விழப்போற மலைக்குக் கீழ நிலத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று சாமி பரிவோடு கேட்பார். பரிவுக்குப் பக்கத்திலேயே ரோபெர் நிற்பார். சாமியை வாரம் தவறாமல் தன் லாரியில் ஏற்றி வருகிற புண்ணியவான். பாவப்பட்ட ஜனங்களுக்காக அந்த நிலங்களை வந்த விலைக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். உங்கள் தலையில் மலை விழாதா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கு விநாயகம் முதல் ஆளாக விற்றான். அடுத்த முறை மருதைக்கு.

மருதையின் நிலம் சரிவில், சூசூக்காய் என்று நாங்கள் சொல்லும் சௌசௌவின் பந்தல். அவன் தாத்தா ஒப்பந்தக் கூலி முடிந்ததும், துரையின் கரும்புத் தோட்டம் இனி வேண்டாம் என்று மலையேறி, கல் அடுக்கிச் சமன்படுத்திய மண். மலேரியா அந்த வீட்டில் இரண்டு பேரைக் கொண்டுபோனது. கரோல் புயல் பந்தலையும் கூரையையும் கொண்டுபோனது. அப்போது பள்ளத்தாக்கே சேர்ந்து வீட்டுக்கு வீடு கூரை போட்டது. அன்றைக்கெல்லாம் யாரும் விற்கவில்லை.

"திங்கக்கிழமை போர்ட் லூயிஸ் போயிப் பத்திரம் எழுதிடலாம்," என்றான் மருதை.

அவன் மனைவி பொன்னம்மா அடுப்பை விட்டு எழுந்தாள். "கரோல்ல விழாத தலை, கொடி இறக்கினா விழுமா?"

"என் கண்ணால பார்த்தேன். நகர்ந்திருக்கு."

"இந்த ஜன்னல்ல பாருங்க. நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த ரெண்டு கம்பிக்கு நடுவுல இருந்துச்சு. இப்பவும் அங்கதான் இருக்கு."

"நம்ம ஜன்னலுக்கு ஏது சக்தி?" என்றான் மருதை.

இந்த வாதத்துக்கு எந்தச் சர்வகலாசாலையிலும் பதில் கிடையாது. பொன்னம்மா ஆத்திரத்தில் அழுதாள். இந்த மண் போனால் அவளுக்கு மிஞ்சுவது மறுபடி துரையின் கரும்புக்காடு. அழுது முடித்து, வரும் வெள்ளி உபயம் தன்னுடையது என்று சாமிக்குச் சொல்லி அனுப்பினாள்.

உபயக்காரர் பேச்சுக்கு எங்கள் கோயில்களில் ஒரு மரியாதை உண்டு. பால் அவர்களுடையது, முன்வரிசை அவர்களுடையது. வெள்ளிக்கிழமை பொன்னம்மா செம்போடு முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, இன்னிக்கு வேலைப் பிடுங்க வேணாம். நிக்கிற எடத்துலயே பால் ஊத்துறேன்."

சாமி திருதிருவென்று விழித்தார். "தலைக்குக் கோபம் வரும், அம்மா."

"உபயம் எங்களுது. கோபமும் எங்க மேலயே வரட்டும்."

கூட்டத்தில் தெசிரே இருந்தான். மோகா பஸ் கண்டக்டர். மாதா கோயிலுக்குப் போகிறவன். வேடிக்கை பார்க்க வந்தவன். "ஆயோ, ஊத்தட்டுமே! அம்மா காசு, அம்மா பால்!" என்று கத்தினான். கூட்டமும் ஊத்தட்டும் என்றது.

ஊற்றினாள். ஒவ்வொருவராக வளையத்தில் பார்த்தார்கள். தலை போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

"சாமி தலையை நிறுத்திட்டாரு!" என்று கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. சாமிக்கே இது புதிய செய்தி. ஆனால் சட்டென்று ஒப்புக்கொண்டார். "ஆமாம், நிறுத்திவிட்டேன்." பார்த்தீர்களா, நம் ஜனத்தை ஏமாற்றச் சாமி பாடுபடத் தேவையே இல்லை. பாதி வேலையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

பொன்னம்மா வேலைப் பிடுங்கினாள். "யாரும் கண்ணை மூடாதீங்க. ஏங்க, நீங்க வளையத்துல பாருங்க." வேலை ஒரு விரல் இடப்பக்கம் தள்ளிக் குத்தினாள்.

"மோ பொந்தியே, கடவுளே! தலை வலப்பக்கம் போகுது!" என்று மருதை அலறினான்.

திரும்பப் பிடுங்கி வலப்பக்கம் குத்தினாள். "இப்ப?"

"இடப்பக்கம் வந்துட்டுது!"

"தாந்தின், அத்தே, எங்க மோகா பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளு! நடந்து வர்ற மலைக்கு டிக்கெட் கிடையாது!" என்றான் தெசிரே.

முதலில் ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு மேடே சிரித்தது. ஆளாளுக்கு வரிசையில் நின்று பீட்டர் போத்தை ஆட்டிப் பார்த்தார்கள். உத்தியோகஸ்தர்கள், தங்களுக்கு முன்பே தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மருதை மட்டும் சிரிக்கவில்லை. வளையத்திலிருந்து கண்ணை எடுத்து மனைவியின் கையைப் பார்த்தான். "தாத்தா மண்ணைக் கொடுக்க இருந்தேனே," என்றான்.

"தெய்வ நிந்தனை!" என்று சாமி கூவியபோது ரோபெரின் லாரி கிளம்பிவிட்டிருந்தது. மலையைக் காத்தவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்.

மார்ச் மாதம் கொடி இறங்கியது. நம் கொடி ஏறியது. மலையில் ஒரு கூழாங்கல் உருளவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த பத்திரம் திரும்பவில்லை. விநாயகம் இப்போது தன் சொந்த நிலத்திலேயே ரோபெருக்குக் கூலிக்குக் களை பிடுங்குகிறான்.

ஒருநாள் அவன் வரப்பில் உட்கார்ந்து என்னிடம் கேட்டான்: "நான் அந்த வேலுக்குப் பக்கத்துலதானே நின்னேன். ஒரு தடவை தொட்டு அசைச்சுப் பார்த்திருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்குமே. ஏன் செய்யல?"

"நீ கையைக் கூப்பிக்கிட்டு நின்னே, விநாயகம். கூப்பின கையால எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. இனிமேலாவது பிரிச்சு வை," என்றேன்.

உங்களுக்கும்தான் சொல்கிறேன்.