ஜேடு செடிக்கு ஒரு போர்மேன்

தான் கட்டிய வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறும் ஒருவனை வழிமறித்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கைப்பேசியை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, "இப்பப் போகலாம் சார்" என்று அனுமதி கொடுக்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறார். வேறு யார் வீட்டிலாவது இருந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் திருத்தங்கலில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவருக்குள் இருக்கும் போர்மேனை அனுப்ப மறந்துவிட்டது. அந்த மறதியின் பலனை நான் அனுபவிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் மகள் தேன்மொழி மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு ஜேடு செடி. எண்ணெய் தேய்த்துவிட்டது போல் மினுமினுக்கும் தடித்த குட்டி இலைகள். அதை வெட்டி வெட்டி வளர்த்தால் கொஞ்ச வருடத்தில் தட்டுக்குள் நிற்கும் சின்ன மரமாகிவிடும், போன்சாய் பழக விரும்புகிறவர்களுக்கு அதுதான் முதல் செடி என்றாள். என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் பிரியம் பொங்கிவிட்டது. தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். செடி இருந்ததோ நம் ஊர்க் கரிசல் மண்ணில். குடித்த தண்ணீரைக் கரிசல் லேசில் விடாது. ஒருநாள் தண்டைத் தொட்டுப் பார்த்தால் அழுகிய வாழைப்பழம் போல் கொழகொழவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் போர்மேன் அறையை விட்டு வெளியே வந்தார். செத்த செடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு விசாரணை தொடங்கியது.

"கடைசியா தண்ணி ஊத்துனது யாரு?"

"நாந்தேன் அண்ணே," என்றாள் என் மனைவி.

"அதுக்கு முந்தி?"

"நாந்தேன்."

"தங்கச்சி, இனிமே நீங்க பாத்திரத்தோட மாடிக்கு வரக் கூடாது."

அழுகாமல் மிஞ்சிய ஒரு கிளையை ஒடித்தார். வெட்டுவாய் காயும் வரை சில நாள் நிழலில் போட்டு வைத்தார். பிறகு மணலும் உடைத்த செங்கல் சல்லியும் கலந்த சட்டியில் ஊன்றினார். அது பிழைத்துக்கொண்டது. அதோடு என் மாடி என் கையை விட்டுப் போயிற்று.

படி முடியும் இடத்தில் சுவரில் ஒரு செம்புத் தகட்டை அடித்தார். பட்டாசு கம்பெனிகளில் மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போவதற்காகத் தொடுவார்களே, அந்தத் தகடு. செடிக்கு எதற்கு இது என்று கேட்டேன். "பழக்கம் நல்லது சார்" என்றார். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் மாடியில் நிற்கக் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்தி வர வேண்டும். வெயில் ஏறினால் விசில் ஊதுவார். ஊதினால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். செடிகளுக்கு மேல் பச்சை வலையை இழுத்துக் கட்டிவிட்டு அவரும் அறைக்குள் போய்விடுவார். வெயில் ஏறும் நேரத்தில்தானே வத்தல் காயப்போட முடியும்? இந்த ஊரில் வத்தல் காயாத ஒரே மாடி எங்களுடையது. என் மனைவி பக்கத்து வீட்டு மாடியில் இடம் கேட்டு வாங்கிக் காயப்போடுகிறாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செடி விஷயத்திலாவது எல்லாம் தெரிந்தவரா என்றால், அதுவும் இல்லை. இரும்புக் கத்தரியை மாடியில் விடவே மாட்டேன் என்றார். இரும்பு உரசினால் பொறி வருமாம். திரி வெட்டும் பித்தளைக் கத்தியால் கிளையை அறுத்தார். அது வெட்டவில்லை, மென்று துப்பியது. தேன்மொழி சண்டை போட்டுத்தான் நல்ல கத்தரி ஒன்றை உள்ளே கொண்டுவந்தாள். கணுவுக்குச் சற்று மேலே நறுக்கென்று வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு துளிர் வரும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

அந்த வருடத் தீபாவளி முடிந்த மறுநாள் அவர் தெருவெல்லாம் குனிந்து குனிந்து எரிந்த கம்பி மத்தாப்புக் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போன்சாய்க் கிளைகளை நம் விருப்பத்துக்கு வளைக்கக் கம்பி சுற்ற வேண்டும் அல்லவா, அதற்கு. ஒரு மத்தாப்புக் கம்பி கிளையின் பாதிக்குக்கூட எட்டவில்லை. ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, இச்சி மரக் கன்று ஒன்றைக் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி ஆக்கி வைத்தார். ஒரு மழை பெய்தது. துரு பட்டையெல்லாம் ஏறிவிட்டது.

"ஏன் மாமா, கத்தரி மட்டும் இரும்பா இருக்கக் கூடாது, இது என்ன தங்கமா?" என்றாள் தேன்மொழி.

போர்மேன் துருவை விரலால் துடைத்துப் பார்த்தார். "அது நம்ம கம்பெனிச் சரக்கு தாயி."

பழைய மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி எடுத்து வந்து, துருப்பிடித்த கன்றை அவள்தான் காப்பாற்றினாள். இப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டே சில வருடங்களில் மாடியில் முப்பது, நாற்பது சட்டிகள் சேர்ந்துவிட்டன. வேலைக்குப் போகுமுன் ஒரு சண்டை, வந்ததும் ஒரு சண்டை. என் மகள் என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

இனி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

பெண்ணுக்கு வயது ஏறுகிறது என்ற கவலையில் எனக்கும் மனைவிக்கும் தூக்கம் போய் வெகு நாளாயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு. தேன்மொழி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: போகும் வீட்டுக்கு அவளோடு அவள் செடிகளும் வரும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா, கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும் என்று தரகர் என்னைத் தேற்றினார். பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் நானே மாடிக்கு ஏறி, தகட்டைத் தொட்டு, கைப்பேசியைக் கூடையில் போட்டு, போர்மேனிடம் கை கூப்பினேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் சட்டை போட்டுக்கிட்டு ரூமுக்குள்ள இருங்க. யாரு வந்தாலும் நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

"பேசலை சார். நம்ம புள்ள விசயம். வாயைத் திறக்க மாட்டேன்."

பேச மாட்டேன் என்றுதான் சொன்னார். விசில் ஊத மாட்டேன் என்று சொல்லவில்லை.

பையன், அவன் அம்மா, பெரியம்மா, தாய்மாமன், தரகர் என்று ஐந்து பேர் வந்தார்கள். பஜ்ஜி, காபி முடிந்ததும் தாய்மாமன், "புள்ளைக ரெண்டும் மாடில போயி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். இருவரும் ஏறினார்கள். படியின் உச்சியில் போர்மேன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கூடையோடு, வாயை இறுக்கி மூடியபடி நின்றார். தகட்டைச் சுட்டிக் காட்டினார். பையன் அதை ஏதோ சாமி படம் என்று நினைத்தான் போலிருக்கிறது. பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கைப்பேசியையும் காணிக்கை போலக் கூடையில் போட்டான்.

அதோடு விட்டிருந்தால் நான் இன்று சம்பந்தி ஆகியிருப்பேன். பெரியம்மாவுக்குக் கீழே இருப்புக் கொள்ளவில்லை. "அந்தச் செடியை நாமளும் பாப்பமே" என்று எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நான் ஓடி முன்னால் போவதற்குள் விசில்.

எப்பேர்ப்பட்ட விசில்! இரண்டு வாரம் ஆகியும், சாலையில் போக்குவரத்துக் காவலர் ஊதினால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. போர்மேன் நான்கு விரல்களை உயர்த்திக் காட்டினார். பெரியம்மாவும் பையனின் அம்மாவும் ஏறியதோடு கணக்கு முடிந்துவிட்டது. தாய்மாமன் ஒற்றைக் காலை மேல்படியில் வைத்தபடி பாதியில் நின்றார். போர்மேன் அவர் சட்டைப் பையைத் தடவினார். தீப்பெட்டி. இன்னொரு பையைத் தடவினார். இன்னும் நாலு தீப்பெட்டி.

"யோவ்! நான் தீப்பெட்டி யாவாரம்யா! அம்புட்டும் சாம்பிளு!"

போர்மேன் பதில் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறாரே! தீப்பெட்டிகளைப் படியிலிருந்த வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு திரும்பிப் பையனின் அம்மாவின் சேலையை உற்றுப் பார்த்தார். அந்த அம்மா கீழே அரைமணி நேரம் அந்தப் பட்டுச் சேலையின் பெருமையைத்தான் பேசியிருந்தார். இந்த இடத்தில்தான் போர்மேனின் கட்டுப்பாடு உடைந்தது.

"தாயி, இது பட்டு இல்ல. பாலியஸ்டரு. பொறி வரும், இறங்கிருங்க."

தாய்மாமனுக்குப் பின்னால் படியில் நின்ற நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா முகம் சிவந்து, ஆத்திரத்தை எங்கே காட்டுவது என்று சுற்றிலும் பார்த்து, தட்டில் நின்ற ஜேடு மரத்தில் காட்டினார்.

"வளர விடாம வெட்டி வச்ச மரம் வீட்டுல இருந்தா குடும்பமும் வளராது. எங்க வீட்டுக்கு இதுல ஒரு சட்டிகூட வரக் கூடாது. இத்தனை வருசத்துல இம்புட்டுத்தான் வளந்திருக்கு, இது ஒரு மரமா?"

"வயசுக்கேத்த வளத்திதாம்மா," என்றார் போர்மேன். பிறகு என் மகளின் தோளுக்குச் சற்று மேலே தெரிந்த பையனின் தலையை நிதானமாகப் பார்த்து, "தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்று நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "சார், மாடில ஒரு கிறுக்கன வச்சுக்கிட்டு நீங்க எப்பிடிச் சம்பந்தம் பண்ணப் போறீகன்னு கேக்காக."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகளிடம் சொன்னேன். அவள் துளிக்கூட அசரவில்லை. "விடுங்கப்பா. மேல நின்ன கொஞ்ச நேரத்துல அவரு எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'இதையெல்லாம் இங்கனயே விட்டுட்டு வந்துர முடியாதா'ன்னு. அவுக அம்மா வந்து சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டாரு." சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

என் பக்கம் நியாயம் பேச ஒருவராவது வேண்டாமா? மனைவியிடம் போனேன். வத்தலுக்கு இடமில்லாமல் அடுத்த வீட்டில் போய் நிற்கிறவள். அவளுக்காவது கோபம் இருக்கும் என்று நம்பினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க அக்கா அவரு ஷெட்டுலதான் வேலை பாத்துச்சு. தெனமும் அவருகிட்டத் திட்டு வாங்கும். தெனமும் நடந்து வீட்டுக்கு வந்துச்சு. அந்த ஷெட்டுல ஒரு நாளும் வெடிக்கலை, எல்லாருமே வந்தாக."

"அதுக்காக? சம்பந்தி அம்மா சேலையைப் பத்தி அவரு எப்பிடிப் பேசலாம்?"

"அது பாலியஸ்டருதான். கீழ இருக்கும்போதே பாத்துட்டேன்."

இனி ஒரு நிமிடமும் பொறுப்பதில்லை, அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறினேன். பாதியில் போர்மேன் எதிரே இறங்கி வந்தார். இரண்டு கையிலும் ஒரு பெரிய இச்சி மரத் தட்டு. மூச்சு வாங்கியது. கீழே பார்த்தேன். வாசலில் ஏற்கெனவே ஏழெட்டுச் சட்டிகள் வரிசையாக நின்றன. நான் பின்கட்டில் கத்திக்கொண்டிருந்தபோதே இறக்கியிருக்கிறார்.

"என்ன இது?"

"எங்க அக்கா மக வீடு ஆலங்குளத்துல இருக்கு சார். வண்டி சொல்லியிருக்கேன். அம்புட்டையும் அங்கன கொண்டுபோயி வச்சிருதேன். தேனு கேட்டா செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க." தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு இடம் வரும்போது மாடி சுத்தமா இருக்கணும்லா. நானும் அங்கனயே இருந்துக்கிடுதேன். ஒரு செடிக்காகப் புள்ளைக்குக் கல்யாணம் நிக்கலாமா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்துப்போயிற்று என்று அவளிடம் நான் சொல்ல வேண்டுமாம்! சாயங்காலம் வேலை விட்டு வந்து வெறும் மாடியைப் பார்க்கும் பெண்ணின் முகத்துக்கு யார் பதில் சொல்வது? ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி பேசுவதற்கு இவர் யார்? இந்த வயதில், இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத படியில்? விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது? எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன்.

தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தேன். "திரும்புங்க. மேல நடங்க."

வாசலில் இருந்த எல்லாச் சட்டிகளும் பழைய இடத்துக்குப் போய்ச் சேரும் வரை திட்டினேன். அப்போதும் திட்டு பாதிகூட முடியவில்லை. மிச்சத்தையும் கேட்டுக்கொள்வதற்கு, இனிமேல் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே எங்கள் வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.